மெஷினை விற்பதற்கு முன்
மலாக்காவில் கம்ப்யூட்டர் பூத்தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்



தெங்கேரா, காஜா பெராங், புக்கிட் பாரு, பாச்சாங் என்று நகரத்திலும், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா பக்கமும் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பூத்தையல் தைத்துக் குடும்பத்தைத் தாங்கும் உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். தெங்கேராவில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். உங்களில் பலர் வீட்டுக்கு நான் வந்திருக்கிறேன். வராத வீடுகளுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. பிள்ளைகளின் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் வேண்டும் என்று பலர் புதுக் கணினி வாங்கினீர்கள். வாங்கியதில் தவறே இல்லை. ஆனால் அதை மெஷினோடு இணைக்கப் போனால் சிக்கல். பழைய கேபிளைச் செருக இடமில்லை. இடம் இருந்தால் மென்பொருள் ஏறவில்லை. மென்பொருள் ஏறினாலும் மெஷின் திரையில் டிசைன் வரவில்லை. உடனே யாராவது ஒருவர், "இது ரொம்பப் பழசு, இனி ஆகாது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிடுகிறார். ஊசியும் மோட்டாரும் நன்றாக ஓடும் மெஷின் பழைய இரும்பு லாரியில் ஏறிப் போகிறது. கூடவே அந்தப் பழைய கணினியும் போகிறது. அதற்குள் நீங்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து பஞ்சிங் செய்த டிசைன்கள் எல்லாம் இருக்கின்றன.

என்னை அதிகம் வருத்துவது இந்தக் கடைசி விஷயம்தான். மெஷினைக் காசு கொடுத்து மறுபடி வாங்கலாம். ஒரு பள்ளியின் சின்னத்தை, ஒரு கோயில் திருவிழாச் சேலைக் கரையை, ஒரு கல்யாண ரவிக்கையின் மயில் கழுத்தை நீங்கள் புள்ளி புள்ளியாக வைத்து உருவாக்கிய கோப்பு போனால் போனதுதான். அதனால் மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், இன்றைக்கே அதிலுள்ள டிசைன்களை வெளியே எடுத்துவிடுங்கள். எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மெஷினையும் எளிதில் விட்டுவிடக் கூடாது. நம் ஊர் ஊசி வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். நியோன்யா கெபாயாவின் பூ வேலையை இந்த மலாக்காவில் எத்தனையோ கைகள் மிதி மெஷினில் தைத்து வளர்த்தன. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் வீட்டுப் பெண்களும் கெபாயாவும் சாரோங்கும் உடுத்தி வந்தவர்கள்தாம். 2024 டிசம்பரில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து கேட்டுக்கொண்டதன் பேரில் கெபாயாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தோட்டத்தில் பால் வெட்டிய நம் அம்மாக்களும் மத்தியானத்துக்கு மேல் லயத்து வாசலில் தையல் மெஷினை மிதித்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனையானபோது, கையில் தையல் இருந்த குடும்பம் டவுனில் கொஞ்சம் சீக்கிரம் நிமிர்ந்தது. அவர்களுடைய மகள்கள் சீட்டுப் பணத்திலும் சேமநிதியிலும் வாங்கியவைதான் இன்று உங்கள் முன்னறையில் நிற்கும் கம்ப்யூட்டர் மெஷின்கள். ஜனோமி நிறுவனம் 1990-இல் மெமரி கிராஃப்ட் 8000 என்ற வீட்டு மெஷினை வெளியிட்ட பிறகுதான் இந்த வகை வீட்டுக்குள் வந்தது. இரும்பும் கியரும் நல்ல தரம். எண்ணெய் விட்டு, பாபின் கேஸில் சேரும் பஞ்சைத் துடைத்து வைத்துக்கொண்டால் அது உங்கள் மகள் காலத்துக்கும் ஓடும்.

அப்படியிருக்க எங்கே சிக்கல்? மெஷினுக்குக் கணினியிடமிருந்து தேவைப்படுவது மிகக் கொஞ்சம். தாஜிமா நிறுவனத்தின் டிஎஸ்டி என்ற தையல் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 512 பைட் தலைப்பு. அதற்குப் பின் ஒவ்வொரு தையலுக்கும் மூன்றே பைட். ஃபிரேம் இடம் வலமாக எவ்வளவு, மேலே கீழே எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் அதில் இருக்கும். ஒரு தடவைக்கு 12.1 மில்லிமீட்டர்வரை நகரலாம். அதற்கு மேல் என்றால் தாவல் தையலாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். நிறம் அதில் இல்லை. "இங்கே நிறுத்தி நூல் மாற்று" என்ற கட்டளை மட்டும் உண்டு. புதுக் கணினியில் டிஎஸ்டி-யைத் திறக்கும்போது மயில் சிவப்பாகவும் ரோஜா பச்சையாகவும் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். அது அப்படித்தான் தெரியும். 30,000 தையல் உள்ள ஒரு பெரிய முதுகு டிசைன் 90 கிலோபைட் அளவுதான் வரும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் இது மிகச் சிறிய பங்கு. 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் இப்படிப் பதினைந்து அடங்கும்.

இவ்வளவு சின்ன விஷயத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சேர்ப்பதற்குத்தான் புது மெஷின் வாங்கு என்கிறார்கள். உங்கள் மெஷினுக்கு எந்த வாய் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டில் ஃபிளாப்பி போடும் இடுக்கு இருக்கலாம், அட்டை செருகும் பள்ளம் இருக்கலாம், பின்னால் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் வாய் இருக்கலாம், பழைய யுஎஸ்பி-யும் இருக்கலாம். வாய்க்கு ஏற்றபடி வைத்தியம் மாறும்.

ஃபிளாப்பிதான் நம் ஊரில் சீக்கிரம் கெடுவது. கடல் காற்றும் புழுக்கமும் அதற்கு ஆகாது. பெட்டியில் கிடந்த ஃபிளாப்பியை எடுத்து அதன் உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத் தட்டில் மாவு தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது. அதை மெஷினில் போடவே கூடாது. பூஞ்சை படிப்பானின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் சுரண்டிவிடும். படிப்பானை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்தால் பல சமயம் உயிர் வரும். புது ஃபிளாப்பிக்கு அலைய வேண்டாம். சோனி 2011-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று உலகத்தில் விற்பவை பழைய கிடங்குச் சரக்கு. அமெரிக்காவில் அந்தச் சரக்கை விற்று வரும் டாம் பெர்ஸ்கி என்பவர், தம்மிடம் வாங்குவோரில் பூத்தையல்காரர்களும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். போயிங் 747-400 விமானங்களுக்கு வழித்தடத் தகவல் ஏறியதும் ஃபிளாப்பியில்தான். ஜப்பான் அரசு தன் அலுவலக விதிகளிலிருந்து ஃபிளாப்பியை நீக்கி முடித்தது 2024 ஜூனில். பழையதை வைத்திருக்கிறோமே என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஃபிளாப்பி மெஷினுக்கு நான் பரிந்துரைப்பது கோடெக் என்று அழைக்கப்படும் மாற்றுப் படிப்பான். பழைய படிப்பான் இருந்த மூன்றரை அங்குல இடத்திலேயே அது உட்காரும். அதே 34 கம்பிப் பட்டைக் கேபிள், அதே 5 வோல்ட் மின்சாரம். முகப்பில் ஒரு யுஎஸ்பி வாய், இரண்டு பொத்தான், மூன்று எண் காட்டும் சிறு திரை. பென் டிரைவை அது ஆயிரம் ஃபிளாப்பிகளாகப் பிரித்துக்கொள்ளும். 007 என்று வைத்தால் மெஷினுக்கு ஏழாம் எண் ஃபிளாப்பி போட்டது போலத் தெரியும். மாட்டும்போது பட்டைக் கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் ஊசிப் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் விளக்கு எரிந்தபடியே நிற்கும். பின்பக்கம் எஸ்0, எஸ்1 என்ற சிறு இணைப்பிகளை மெஷினுக்குத் தக்கபடி மாற்ற வேண்டிவரும். கீர் ஃபிரேசர் என்பவர் எழுதி இலவசமாகத் தரும் ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற மென்பொருளை இதில் ஏற்றினால், பிடிவாதமான மெஷின்களும் இறங்கி வரும். தாஜிமா, பருடான் போன்ற பல தலை மெஷின்களின் பழைய வகைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அவை 1.44 மெகாபைட்டை ஏற்காமல் 720 கிலோபைட்டைக் கேட்கும், சில தங்கள் சொந்த வடிவத்தையே கேட்கும்.  உங்களில் பல தலை மெஷின் வைத்துச் சட்டைக் கம்பெனிக்கு வேலை எடுப்பவர்கள், மாற்றுப் படிப்பான் வாங்குமுன் மெஷினின் கையேட்டில் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

மெஷினைத் திறக்க மனமில்லாதவர்கள் யுஎஸ்பி-யில் செருகும் வெளி ஃபிளாப்பிப் படிப்பான் ஒன்றை வாங்கினால் போதும். விண்டோஸ் 11 அதை இன்னும் அடையாளம் கண்டுகொள்கிறது. மெஷினுக்கு 720 வேண்டும், கையில் 1.44 ஃபிளாப்பிதான் இருக்கிறது என்றால், எழுதாமல் தடுக்கும் பூட்டுத் துளைக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள சிறு துளையை ஒட்டுநாடாவால் மூடி 720 ஆக ஃபார்மட் செய்யலாம். நீண்ட நாள் தாங்காது. இன்றைய ஆர்டரை முடிக்க உதவும்.

அடுத்து சீரியல் வாய். அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். புதுக் கணினியில் அந்த வாய் கிடையாது என்பதால் யுஎஸ்பி-சீரியல் மாற்றியை வாங்குகிறீர்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைக்கும் மலிவு மாற்றியைச் செருகினால், கணினி அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்தைக் காட்டும். புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 என்ற சில்லில் பழைய வகைகளைப் புது விண்டோஸுக்கான டிரைவர் வேண்டுமென்றே ஏற்பதில்லை. அந்த வகை 2012-லேயே கைவிடப்பட்டது என்று திரையிலேயே எழுதிவரும். அந்தச் சில்லுக்குப் போலிகள் பெருகியதால் வந்த வினை. இதே போன்ற சில் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் 2014-இல் இன்னும் கடுமையாகப் போனது. அதன் டிரைவர் போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே அழித்து அவற்றைச் செயலிழக்கச் செய்தது, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். இதில் பாவம் யார் என்றால், பெட்டிக்குள் இருப்பது அசலா போலியா என்று தெரியாமல் காசு கொடுத்த நீங்கள்தான். நல்ல எஃப்டிடிஐ சில் உள்ள மாற்றியைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து நம்பகமான கடையில் வாங்குங்கள்.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. பழைய பூத்தையல் மென்பொருள்களுக்குக் காம் 1 முதல் காம் 4 வரைதான் தெரியும். புது விண்டோஸ் உங்கள் மாற்றிக்குக் காம் 7, காம் 11 என்று ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேல்நிலை அமைப்புக்குள் போய்க் காம் 2 என்று மாற்றிவிட்டால் மென்பொருள் அதைக் கண்டுபிடித்துவிடும். வேக எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மெஷின் 9600 என்றால் கணினியிலும் 9600. இன்னொரு குறை பலரைக் குழப்பும்: டிசைன் போக ஆரம்பிக்கும், பாதியில் நின்றுவிடும், மெஷின் திரையில் பிழை வரும். மெஷினின் நினைவகம் சிறியது. நிறைந்துவிட்டால் "நிறுத்து, தைத்து முடித்ததும் மீதியை அனுப்பு" என்று கேபிளில் உள்ள தனிக் கம்பி வழியே சொல்லும். புனல் நிறைந்ததும் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்துவது போல. மலிவுக் கேபிளில் அந்தக் கம்பியே இருக்காது. 2, 3, 5 என்று மூன்று கம்பியை மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். கணினி நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மெஷினோடு வந்த அசல் கேபிளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அது உள்ளே எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பது மெஷினுக்கு மெஷின் வேறுபடும்.

அட்டை மெஷின்களில் இரண்டு சாதி உண்டு. ஜனோமியின் சில வகைகள் ஏற்பது கணினி உலகில் எல்லாருக்கும் பொதுவான அட்டை. அந்தப் பள்ளத்தில் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை அதற்கான மாற்று உறையில் வைத்துச் செருகினால் போதும். யுஎஸ்பி படிப்பான் ஒன்றால் புதுக் கணினியிலேயே எழுதிவிடலாம். அட்டையை மெஷினிலேயே ஒரு தடவை ஃபார்மட் செய்யுங்கள். தனக்கு வேண்டிய அடைவுகளை அது தானே போட்டுக்கொள்ளும், அந்த அடைவுக்குள் வைத்த கோப்புதான் அதன் கண்ணில் படும். பிரதர் நிறுவனத்தின் பழைய வகைகளில் வரும் தடித்த அட்டை வேறு சாதி. அதற்கென்று உள்ள எழுதும் பெட்டி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெட்டியை இழந்துவிட்டால் பழையது ஒன்றைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும்.

யுஎஸ்பி வாய் உள்ள மெஷின்காரர்கள் பாக்கியசாலிகள் என்று நினைப்பீர்கள். அவர்களுக்கும் புதுப் பென் டிரைவ் தொல்லை தருகிறது. இன்று கடையில் கிடைப்பது 64, 128 ஜிகாபைட். அவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. பழைய மெஷினுக்கு ஃபேட்16 அல்லது ஃபேட்32 மட்டுமே புரியும். 2 ஜிகாபைட், 4 ஜிகாபைட் என்று பழைய சின்ன டிரைவ் வீட்டில் கிடந்தால் அதைப் பூத்தையலுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அப்படியும் டிசைன் தெரியவில்லை என்றால் மூன்று காரணம் பாருங்கள். பெயர் நீளமாக இருக்கலாம், எட்டு எழுத்துக்குள் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் பெயர் வையுங்கள். டிசைன் ஃபிரேமைவிடப் பெரிதாக இருக்கலாம், 100 மில்லிமீட்டர் ஃபிரேம் மெஷினுக்கு 101 அனுப்பினால் பல மெஷின்கள் அதைக் காட்டவே காட்டா. பிரதரின் பெஸ் கோப்பாக இருந்தால் அதன் பதிப்பு புதியதாக இருக்கலாம், சேமிக்கும்போது பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது மென்பொருள். பழைய மென்பொருளைப் புதுக் கணினியில் ஏற்றப் போராடி நாள்களை வீணாக்குகிறோம். விண்டோஸ் 95 காலத்து 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடா. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான். பிரிண்டர் வாயில் செருகும் பழைய டாங்கிளை, அதாவது மென்பொருளின் பூட்டுச் சாவியை, யுஎஸ்பி-பிரிண்டர் கேபிளில் மாட்டினாலும் பயனில்லை. அந்தக் கேபிளுக்கு பிரிண்டரைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. யுஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்கள், வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் பழைய விண்டோஸை ஓடவிட்டு டாங்கிளை அதற்குள் இணைத்துப் பார்க்கலாம். பல சமயம் நடக்கிறது. புது மடிக்கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்டெல் அல்லது ஏஎம்டி சில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்னாப்டிராகன் சில் உள்ளவை மெலிசாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் பழைய கருவிகளின் டிரைவர் அவற்றில் ஏறாது.

டிசைன் போடுவதற்கும் ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவதற்கும் இங்க்ஸ்டிச் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குள் அது உட்கார்ந்து வேலை செய்யும். டிஎஸ்டி, பெஸ், ஜெஃப் எல்லாவற்றையும் படிக்கும், எழுதும். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் சொகுசு அதில் இராது. ஆனாலும் பூட்டு உடைத்த திருட்டு மென்பொருளை யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து "இதைப் போட்டுக்கோங்க அக்கா" என்று தருவதை ஏற்காதீர்கள். அதோடு ஏறும் வைரஸ், உங்கள் வங்கிக் கணக்கு இருக்கும் அதே கணினிக்குள்தான் குடியேறும்.

பழைய கணினி ஓடுகிறதா? ஓடட்டும். விண்டோஸ் எக்ஸ்பி-யாக இருந்தாலும் பரவாயில்லை, இணைய இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு மெஷினுக்கு வேலைக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கணினியில் வரைந்து, பென் டிரைவில் பழையதற்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெஷினுக்கு அனுப்பலாம். எந்த மாற்றியும் இல்லாமல் அசல் சீரியல் வாய் அதில் இருக்கிறது. தேதி ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போனால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும்.

இனி டிசைன்களை வெளியே எடுக்கும் வேலை. கணினி திறந்தால் அடைவு முழுவதையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். அதோடு நிறுத்தினால் போதாது. நீங்கள் பஞ்சிங் செய்த மூலக் கோப்பு வேறு, மெஷினுக்குப் போகும் தையல் கோப்பு வேறு. மூலக் கோப்பை அதை உருவாக்கிய மென்பொருள் மட்டும்தான் ஒழுங்காகத் திறக்கும். அந்த மென்பொருள் இறந்தால் அதுவும் இறந்ததுதான். தையல் கோப்பை எந்தக் காலத்திலும் எதிலும் திறக்கலாம், ஆனால் அதைப் பெரிதாக்கினால் தையல்களுக்கு நடுவே துணி எட்டிப் பார்க்கும், சிறிதாக்கினால் ஊசி முறியும் அளவுக்கு நெருக்கமாகும். பத்து விழுக்காட்டுக்கு மேல் அளவை மாற்றாதீர்கள். ஆகவே மூலக் கோப்பையும் வையுங்கள், பழைய மென்பொருள் ஓடும்போதே ஒவ்வொன்றையும் டிஎஸ்டி-யாகவும் சேமியுங்கள். டிஎஸ்டி-யில் நிறம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? நிற வரிசையைத் தாளில் அச்சடித்து, நூல் எண்ணைப் பக்கத்தில் எழுதி, தைத்துப் பார்த்த துணித் துண்டு ஒன்றையும் பின் செய்து வையுங்கள். இதைச் செய்து வைத்த ஜாசின் அக்கா ஒருவரின் கோப்புப் பையைப் பார்த்திருக்கிறேன். பள்ளிச் சின்னங்கள் ஒரு பக்கம், கோயில் வேட்டிக் கரைகள் ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் எந்த நூல், அடியில் எந்த ஒட்டுத்துணி, எந்த டென்ஷன் என்று பென்சிலில் சின்ன எழுத்து. அவர் மெஷின் நாளைக்கே நின்றாலும் வேறு எந்த மெஷினிலும் அவர் வேலை தொடரும்.

கணினி திறக்கவே இல்லை என்றாலும் கைவிட வேண்டாம். அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஐடிஇ அல்லது சாட்டா வாய் உள்ள யுஎஸ்பி மாற்றியில் மாட்டினால் புதுக் கணினியில் ஒரு சாதாரண டிரைவ் போலத் திறக்கும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்ற சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்பவரிடம் கொடுங்கள்.

எல்லா மெஷினையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. மெயின் போர்டு கருகியிருந்தால், அதற்கு மாற்றும் கிடைக்காவிட்டால், புதியது வாங்குவதே நல்லது. ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய மெஷினை 100 வோல்ட் என்று பார்க்காமல் நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகியதால் கருகிய போர்டுகளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். பின்பக்கத் தகட்டைப் படித்து, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியிருந்தால் அந்த மெஷின்கள் இன்றும் தைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஊசி இறங்குகிறது, ஃபிரேம் நகர்கிறது, உள்ளே இருக்கும் மாதிரிப் பூக்களைச் சரியாகத் தைக்கிறது என்றால் அந்த மெஷினுக்கு நோய் இல்லை. அதை ஆகாது என்று சொல்பவரிடம், எந்த உறுப்பு ஆகாது என்று நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. இந்தக் கருவிகளை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. ஒரு வெளி ஃபிளாப்பிப் படிப்பான், ஒரு நல்ல சீரியல் மாற்றி, ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் படிப்பான், ஒரு ஹார்ட் டிஸ்க் மாற்றி, சீரியல் வாய் உள்ள ஒரு பழைய மடிக்கணினி. இவ்வளவு இருந்தால் ஒரு வட்டாரத்தின் மெஷின்கள் அனைத்துக்கும் போதும். தெங்கேரா, காஜா பெராங் பக்கத்து அக்காமார்கள் சேர்ந்து ஒரு செட், அலோர் காஜாவில் ஒரு செட், ஜாசின் மெர்லிமாவுக்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்ளலாம். யார் வீட்டில் எது இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லி வையுங்கள். கடை மூடுபவர்கள், கையேட்டையும் அசல் கேபிளையும் எழுதும் பெட்டியையும் இரும்புக்காரருக்குக் கொடுக்காமல் இந்தச் செட்டில் சேர்த்துவிடுங்கள். டிசைன்களை மட்டும் ஒருவருடையதை ஒருவர் கேட்காமல் எடுக்க வேண்டாம். பஞ்சிங் செய்தவரின் உழைப்பு அது.

தீபாவளி ஆர்டர் குவியத் தொடங்கினால் யாருக்கும் இதற்கு நேரம் இராது. வேலை குறைவான இந்த வாரங்களில் தொடங்குவோம். என்னைக் கூப்பிடுமுன் மெஷினின் பின்பக்கத் தகட்டையும், கேபிள் செருகும் வாயையும், அசல் கேபிளின் இரு முனைகளையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய மென்பொருளின் வட்டு கிடைத்தால் அதன் உறையையும் எடுங்கள், பதிவு எண் பல சமயம் உறையின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். பழைய கணினியை அதுவரை யாரும் துடைக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
தெங்கேராவிலிருந்து உங்கள் கணினிக்காரத் தம்பி